இரண்டு பட்டங்கள், ஒரு வாசல்

என் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷம் காகிதத்தோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசி வரியை முதலில் படித்து, கையெழுத்து யாருடையது என்று பார்த்த பிறகுதான் மேலே போவார். அன்றைக்கு அவர் கையில் இருந்த காகிதமோ அவரை முதல் வரியிலேயே நிறுத்திவிட்டது.

"ஸார், டி.ஓ. என்றால் என்ன ஸார்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "முப்பது வருஷம் டி.ஓ. லெட்டர் எழுதியே மேலதிகாரிகளைக் கலங்க அடித்தவர் நீங்கள். என்னிடம் வந்து கேட்கிறீர்களே!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை நீட்டினார். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவருடைய பேத்திக்கு ஒரு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. படித்து முடித்தால் கிடைக்கும் பட்டம் எம்.டி. அல்ல, டி.ஓ. இன்னொரு கல்லூரியில், எம்.டி. பட்டம் தரும் கல்லூரியில், அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சிறு வயது முதல் ஒரே ஆசை: எலும்பு முறிவுக்கு ரண சிகிச்சை செய்யும் நிபுணராக வேண்டும்.

"கையில் இருக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லட்டுமா? அல்லது, ஒரு வருஷம் போனால் போகிறது, காத்திரு என்று சொல்லட்டுமா? நான் சொன்னால் கேட்பாள் ஸார். அதுதான் பயமாக இருக்கிறது."

வாசகர்களே, இப்படிப்பட்ட பயத்தோடு வரும் மனிதரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? "பத்து நாள் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பத்து நாளும் படித்ததில் எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய கதை. நான் எழுதியிருக்கக்கூடிய எந்த நாவலையும் விடச் சுவையான கதை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்து வாங்குவது எம்.டி. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே எம்.டி.தான் மருத்துவத்தில் முதல் பட்டம். சாதாரணமாக நான்கு வருஷம் பொதுக் கல்லூரி, அதன் பிறகு நான்கு வருஷம் மருத்துவக் கல்லூரி. பட்டம் கையில் வரும். ஆனால் பட்டம் வந்த மாத்திரத்தில் யாரும் நிபுணராகிவிடுவதில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, துறைக்கு ஏற்ப மூன்று முதல் ஏழு வருஷம் வரை பயிற்சி பெற வேண்டும். எலும்பு ரண சிகிச்சைக்கு ஐந்து வருஷம். இந்தப் பயிற்சிக்கு அங்கே ரெசிடென்ஸி என்று பெயர். டி.ஓ.வுக்கும் இதே படிகள்தாம், இதே வருஷங்கள்தாம். இரண்டு பட்டக்காரர்களும் மருந்து எழுதலாம், கத்தி பிடிக்கலாம், ஐம்பது மாநிலங்களிலும் முழு உரிமையோடு தொழில் நடத்தலாம்.

அப்படியானால் ஒரே தொழிலுக்கு இரண்டு பட்டம் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நாம் 1864-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். கான்ஸாஸ் மாநிலத்தில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்று ஒரு வைத்தியர். 1828-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் மெதடிஸ்ட் சபைப் போதகர், வைத்தியமும் பார்ப்பவர். அந்தக் காலத்து வழக்கப்படி மகனும் தகப்பனாரிடமே தொழிலைக் கற்றுக்கொண்டார். அடிமை முறையை வெறுத்தவர். யுத்தத்தில் வடக்குப் படையின் பக்கம் நின்றவர்.

1864-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூளை உறைக் காய்ச்சல் அந்த வட்டாரத்தில் பரவியது. ஸ்டிலின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. வைத்தியர்களை அழைத்தார். போதகர்களை அழைத்தார். மருந்தும் நடந்தது, ஜபமும் நடந்தது. மூன்று குழந்தைகள் மடிந்தன. ஊராருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவரின் வீட்டில் மூன்று சவப்பெட்டிகள்!

இத்தகைய துயரம் ஒரு மனிதனை இரண்டில் ஒன்றாக ஆக்கிவிடும். விதி என்று உட்கார வைக்கும்; இல்லாவிட்டால் உலகத்தோடு சண்டைக்குப் புறப்பட வைக்கும். ஸ்டில் சண்டைக்குப் புறப்பட்டார்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து மருத்துவம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் என்றால் ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவார்கள். எந்த நோய்க்கும் பேதிக்குக் கொடுப்பார்கள். பாதரசம் கலந்த கலோமெல் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். பல்லும் ஈறும் அழுகி விழும். வலிக்கு அபின், சோர்வுக்குச் சாராயம். கிருமிகளைப் பற்றிய அறிவு இன்னும் வைத்தியர்களைச் சென்று சேராத காலம். மருந்தால் பிழைத்தவன் எத்தனை பேர், மருந்துக்குத் தப்பிப் பிழைத்தவன் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது.

மருந்துகளை நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது? ஸ்டில் உடம்பையே நம்பினார். மனித உடம்பு மிக நேர்த்தியாகச் செய்யப்பட்ட இயந்திரம். எலும்பும் தசையும் தத்தம் இடத்தில் ஒழுங்காக அமர்ந்திருந்தால் ரத்தம் தடையின்றி ஓடும். ரத்தம் ஓடினால் உடம்பு தன் நோயைத் தானே தீர்த்துக்கொள்ளும் என்பது அவர் கண்ட சித்தாந்தம். இதற்காக எலும்புகளை இரவு பகலாக ஆராய்ந்தார். அந்த எலும்புகள் எங்கிருந்து வந்தன என்பது அவ்வளவு பெருமையான விஷயம் அல்ல. அந்த நிலத்தின் பழங்குடி மக்களுடைய புதைகுழிகளைத் தோண்டி எடுத்தார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். தன் குழந்தைகளின் சாவுக்காக உலகத்தோடு சண்டை போட்ட மனிதர், பிறர் வீட்டுச் சாவுகளைப் பற்றி இரண்டாம் முறை யோசிக்கவில்லை. மனித மனம் அப்படித்தான் இருக்கிறது.

1874-ஆம் வருஷம் ஜூன் 22-ஆம் தேதி தம் கொள்கை பிறந்தது என்று ஸ்டில் சொல்லிக்கொள்வது வழக்கம். நாவலாசிரியர்களாகிய நாங்கள்கூட எங்கள் கதாநாயகர்களுக்கு ஞானம் பிறந்த தேதியை இவ்வளவு துல்லியமாகக் குறிப்பதில்லை. கான்ஸாஸில் பேக்கர் சர்வகலாசாலை என்று ஒன்று உண்டு. அதை நிறுவுவதற்கு அவருடைய குடும்பமும் உதவியிருந்தது. அங்கே போய்த் தம் கொள்கையைப் பிரசங்கம் செய்ய இடம் கேட்டார். கதவைச் சாத்திவிட்டார்கள். கையால் தொட்டு நோய் தீர்ப்பது தெய்வத்தின் வேலை, இந்த மனிதர் செய்வது தெய்வ நிந்தனை என்று பக்திமான்கள் பேசிக்கொண்டார்கள். 1875-ல் மிசௌரி மாநிலத்தில் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் போய்க் குடியேறினார்.

கதை அங்கேதான் திரும்புகிறது. பிசகிய தோள், நகராத கழுத்து, நிமிராத முதுகு என்று வந்தவர்களை அவர் கையால் பிடித்துச் சரி செய்தார். வந்தவர்கள் போய்ப் பிறரிடம் சொன்னார்கள். வியாதியஸ்தர்கள் ரயிலேறி வரலானார்கள். ஊரில் ஹோட்டல்கள் எழுந்தன.

உள்ளூர் டாக்டர்களுக்கு எரிச்சலாக இருந்தது. எடின்பரோவில் மருத்துவம் படித்த வில்லியம் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரண சிகிச்சைக் கருவிகள் விற்பதற்காக அந்த ஊருக்கு வந்தார். ஸ்டிலைப் பற்றி டாக்டர்கள் அவரிடம் பொரிந்து தள்ளினார்கள். அந்த மோசடிக்காரரை நேரில் பார்த்துவிடலாம் என்று போன ஸ்மித், மணிக்கணக்கில் பேசிவிட்டு ஸ்டிலின் கட்சியில் சேர்ந்துவிட்டார்! 1892-ல் ஸ்டில் தம் பள்ளியைத் திறந்தபோது உடற்கூற்றுப் பாடம் நடத்தியவர் இவரே. முதல் வகுப்பில் சுமார் இருபது பேர். அவர்களில் பெண்களும் உண்டு. பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறக்கக்கூடாது.

அந்தப் பள்ளியின் சாசனத்தில் எம்.டி. பட்டமே வழங்க இடம் இருந்தது. ஸ்டில் வேண்டாம் என்றார். தம் பிள்ளைகளைக் காப்பாற்றாத மருத்துவத்தின் பெயர் தம் மாணவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ! டி.ஓ. என்ற புதிய எழுத்துக்களைக் கொடுத்தார். என் நண்பர் கையில் இருந்த காகிதத்தின் இரண்டு எழுத்துக்களும் அந்த ஒரு மனிதரின் பிடிவாதத்தில் பிறந்தவை.

அலோபதி என்ற சொல்லுக்கும் இதே போன்ற கதை உண்டு. அது அந்த வைத்தியர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர் அல்ல. ஹோமியோபதியை உண்டாக்கிய ஜெர்மானியரான ஹானிமன், எதிர்க்கட்சிக்காரர்களை இகழ்வதற்காக வைத்த பெயர். வைதவன் போய்விட்டான், வசவு நிலைத்துவிட்டது.

பிறகு சட்டசபைகளில் போராட்டம் நடந்தது. 1896-ல் வெர்மான்ட் மாநிலம் ஆஸ்டியோபதியை முதலில் அங்கீகரித்தது, 1897-ல் மிசௌரி. 1901-ல் நியூயார்க் மாநிலத்துச் சட்டசபைக் குழுவின் முன் இந்த வைத்தியர்களுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் யார் தெரியுமா? எழுத்தாளர் மார்க் ட்வெய்ன்! அவருடைய மகளுக்கு வலிப்பு நோய். பெரிய டாக்டர்களையெல்லாம் பார்த்துக் களைத்த தகப்பன். என் உடம்பை எவரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கு வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சபை சிரித்ததாம். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நோயாளிக் குழந்தை இருந்தாள்.

இத்தனையும் ஒருபுறம் இருக்க, மறுபுறம் அலோபதி மருத்துவம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டன, ரண சிகிச்சை அறை சுத்தமாயிற்று. ஸ்டில் எதிர்த்த பழைய மருத்துவம் செத்துப்போய், அந்த இடத்தில் புதிய மருத்துவம் ஒன்று பிறந்துகொண்டிருந்தது. ஆனால் அந்நாட்டு மருத்துவப் பள்ளிகளோ பெரும்பாலும் கடைகளைப் போல இருந்தன. பணம் கட்டினால் பட்டம்.

1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் கார்னெகி ஸ்தாபனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். அவர் டாக்டர் அல்ல, பள்ளிக்கூடத்து வாத்தியார். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்து, ஈவு இரக்கமில்லாமல் மார்க் போட்டார். அப்போது இருந்த எட்டு ஆஸ்டியோபதிப் பள்ளிகளையும் பார்த்தார். ஒன்றுகூடத் தேறவில்லை. உங்கள் கொள்கை சரியா தப்பா என்பது என் கவலை அல்ல. எந்தக் கொள்கைக்காரனும் நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஆய்வுக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டும், அவை உங்களிடம் எங்கே என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

அந்த அறிக்கையின் சூட்டில் எத்தனையோ பள்ளிகள் கருகின. கெட்டவை போயின, நல்லது. ஆனால் கறுப்பு மக்களுக்கென்று இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்து மூடப்பட்டன. அதன் நஷ்டத்தை அந்தச் சமூகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சுமந்தது. ஆஸ்டியோபதிக்காரர்கள் மட்டும் விழுந்து, எழுந்து, ஆய்வுக்கூடங்கள் கட்டி, பாடத்திட்டத்தை விரித்து, பிழைத்துக்கொண்டார்கள். ஸ்டில் 1917-ல் தமது 89-ஆம் வயதில் காலமானார். மருந்து கூடாது என்ற அவருடைய ஆணையும் அவருக்குப் பின் நெடுநாள் உயிரோடு இல்லை. 1920-களின் முடிவுக்குள் அவருடைய சீடர்களின் கல்லூரிகளில் மருந்துப் பாடமும் இடம் பெற்றுவிட்டது.

இனிமேல் வருவதுதான் என் நண்பரின் பேத்திக்கு வேண்டிய சங்கதி.

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவம் துறை துறையாகப் பிரியத் தொடங்கியது. 1916-ல் கண் மருத்துவர்கள் முதல் முதலாகத் தங்களுக்கென்று ஒரு தகுதிப் பேரவையை அமைத்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாக மற்றத் துறைகளும் அப்படியே செய்தன. நிபுணராவதற்குப் புத்தகம் போதாது. ஆஸ்பத்திரி வேண்டும், நோயாளி வேண்டும், கூடவே நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தர மூத்தவர் வேண்டும். அந்த ஆஸ்பத்திரிகளின் சாவி எம்.டி.க்களின் கையில் இருந்தது. அமெரிக்க மருத்துவ சங்கம் ஆஸ்டியோபதியை வைத்தியமே அல்ல, ஒரு மதப்பிரிவைப் போன்றது என்றது. டி.ஓ.க்களோடு தொழில் உறவு வைத்துக்கொள்வது ஒழுக்கக்கேடு என்று விதி செய்தது.

கதவைச் சாத்தினால் என்ன செய்வார்கள்? தாங்களே வீடு கட்டிக்கொள்வார்கள். டி.ஓ.க்கள் சொந்த ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். சொந்த ரெசிடென்ஸிகளை ஏற்படுத்தினார்கள். 1939-ல் தங்கள் நிபுணர்களுக்குத் தகுதி வகுக்கத் தனி அமைப்பும் வைத்துக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கவுண்டி ஆஸ்பத்திரியில் வேடிக்கையான ஓர் ஏற்பாடு இருந்தது: ஒன்றாம் பிரிவு எம்.டி.க்களுக்கு, இரண்டாம் பிரிவு டி.ஓ.க்களுக்கு. ஒரே ஊர், ஒரே ஏழை ஜனங்கள், ஒரே விதமான நிமோனியா. ஆனால் வாசல் இரண்டு!

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்க மறுத்தது. அது பெரிய அவமானந்தான். ஆனால் எம்.டி.க்கள் யுத்தகளத்துக்குப் போய்விட்டதால், ஊரில் இருந்த குடும்பங்கள் வேறு வழியின்றி டி.ஓ.க்களிடம் வந்தன. வந்தவர்களில் பலர், யுத்தம் முடிந்த பிறகும் அவர்களை விடவில்லை. அவமானம் லாபமாக மாறிய சரித்திரம் இது ஒன்று.

லாபம் அவமானமாக மாறிய சரித்திரம் அதற்குப் பின்னால் வருகிறது. அது கலிபோர்னியாவில் நடந்தது.

1961-ல் கலிபோர்னியாவின் எம்.டி. சங்கமும் டி.ஓ. சங்கமும் சமாதானம் பேசி முடித்தன. "நீங்களும் நாங்களும் ஒன்றாகிவிடுவோம். உங்களுக்கும் எம்.டி. பட்டம் தருகிறோம். அதன் பிறகு இந்த மாநிலத்தில் புதிதாக டி.ஓ. யாரும் வேண்டாம்" என்பது ஒப்பந்தம். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி, கலிபோர்னியா மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது. 1962-ல் சுமார் 2,000 டி.ஓ.க்கள் ஆளுக்கு 65 டாலர் கட்டி, புதிய பட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜனங்களின் வாக்கெடுப்பு, புதிய டி.ஓ.க்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தியது.

அறுபத்தைந்து டாலருக்கு ஓர் ஆயுட்கால இழிவு தீருமானால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். குடும்ப டாக்டர்களுக்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. பெயர்ப் பலகையை மாற்றி எழுதினார்கள், தீர்ந்தது. நிபுணர்களின் கதி வேறு. தங்கள் சொந்த ஆஸ்பத்திரிகளில் பல வருஷம் பயிற்சி பெற்று, ஆயிரக்கணக்கில் ரண சிகிச்சை செய்தவர்களிடம் எம்.டி. உலகத்துப் பேரவைகள், "எங்களிடம் பயிற்சி பெற்றீர்களா? இல்லையே! அப்படியானால் எங்கள் கணக்கில் நீங்கள் நிபுணர் அல்ல" என்று சொல்லிவிட்டன. பழைய பட்டத்தில் நிபுணர்; புதிய பட்டத்தில் சாதாரண டாக்டர். எழுத்து மாறியது, வாசல் திறக்கவில்லை. பழைய வீட்டையும் அவர்கள் தங்கள் கையாலேயே இடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு வேலி மனிதனை வெளியே நிறுத்துகிறது என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். அதே வேலியின் நிழலில் அவன் பயிர் வைத்திருக்கலாம் என்பது வேலியைப் பிடுங்கிய பிறகுதான் தெரிகிறது.

கலிபோர்னியாவோடு ஆஸ்டியோபதி முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். நாடு முழுவதற்கும் மிஞ்சியவை ஐந்தே கல்லூரிகள். ஆனால் மற்ற மாநிலத்து டி.ஓ.க்கள் கலிபோர்னியாவின் கதையைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். இணைப்பே வேண்டாம் என்று தனித்து நின்றார்கள். காலமும் அவர்கள் பக்கம் திரும்பியது. 1956-ல் சட்டம் வந்தும் பத்து வருஷம் அசையாமல் இருந்த ராணுவம், வியட்நாம் யுத்தத்துக்கு டாக்டர்கள் தேவைப்பட்டதும் 1966-ல் டி.ஓ.க்களை ஏற்றுக்கொண்டது. 1969-ல் அமெரிக்க மருத்துவ சங்கமே தன் கதவைத் திறந்தது. அதே சமயத்தில் மிச்சிகன் மாநிலம், சர்க்கார் சர்வகலாசாலை ஒன்றிலேயே ஆஸ்டியோபதிக் கல்லூரிக்கு இடம் கொடுத்தது. 1973-ல் மிசிசிப்பி மாநிலமும் வழிவிட, நாடு முழுவதும் முழு உரிமை கிடைத்தது. 1974-ல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அந்த மாநிலத்தின் தடையையும் உடைத்தது.

இன்று நாற்பதுக்கு மேற்பட்ட ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் மருத்துவம் படிப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் டி.ஓ. மாணவர். ஸ்டிலின் கைவைத்தியம் சுமார் 200 மணி நேரப் பாடமாக அங்கே இன்னும் நடக்கிறது. மற்றப் பாடங்களில் பெரிய வித்தியாசம் கிடையாது. 2018 முதல் 2021 வரை ஜனாதிபதியின் வைத்தியராக இருந்த ஷான் கான்லியும், அவருக்குப் பின் 2025 வரை இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ.க்களே. அப்படியும், 2020 அக்டோபரில் ஜனாதிபதிக்குக் கொரோனா கண்டபோது, பேட்டி கொடுக்க வந்த கான்லியைப் பார்த்து, "டி.ஓ.வா? நிஜ டாக்டர்தானா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். என் நண்பர் தனியாள் அல்ல.

கடைசி அத்தியாயம் சமீபத்தியது. நெடுங்காலம் டி.ஓ. மாணவர்களுக்குத் தனி ரெசிடென்ஸிகள் இருந்தன. அவற்றில் எம்.டி.க்களுக்கு இடம் இல்லை. எலும்பு ரண சிகிச்சைக்கும் அப்படிப்பட்ட இடங்கள் இருந்தன. 2014-ல் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2015 முதல் 2020 வரை ஐந்து வருஷத்தில் எல்லாவற்றையும் ஒரே அங்கீகாரத்தின் கீழ்க் கொண்டுவந்தன. இப்போது இரண்டு பட்டக்காரர்களும் ஒரே வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, நியாயமும்கூட. ஆனால் பழைய தனி இடங்களில் சில தகுதி பெறாமல் மூடப்பட்டன, மிஞ்சியவற்றில் எம்.டி. மாணவர்களும் வந்து நிற்கலாம். அறுபது வருஷத்துக்கு முன் கலிபோர்னியாவில் கண்ட அதே வேலிக் கதைதான், இந்த முறை கண்ணியமாக நடந்தது.

பொதுவாகப் பார்த்தால் வித்தியாசம் மிகக் குறைவு. 2024-ல் கல்லூரி முடிக்கும் எம்.டி. மாணவர்களில் 93.5 சதவீதத்தினருக்கும் டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதத்தினருக்கும் ஏதாவதொரு துறையில் பயிற்சி இடம் கிடைத்தது. ஆனால் "ஏதாவதொரு துறை" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. டி.ஓ.க்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்ப மருத்துவம் போன்ற அடிப்படைத் துறைகளில் இருக்கிறார்கள். மூளை ரண சிகிச்சை, தோல் மருத்துவம், எலும்பு ரண சிகிச்சை போன்ற முண்டியடிக்கும் துறைகளில் டி.ஓ.வின் வழி இன்னும் குறுகலானது. இதற்குப் பழைய வெறுப்பு மட்டும் காரணம் அல்ல. பல ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்குச் சொந்தப் பெரிய ஆஸ்பத்திரி இல்லை; கடைசி இரண்டு வருஷமும் மாணவர்களைப் பல ஊர்ச் சிறு ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். ஆராய்ச்சிக்கு வாய்ப்புக் குறைவு. சிபாரிசுக் கடிதம் எழுதப் பெயர் பெற்ற நிபுணர் பக்கத்தில் இருப்பதில்லை. 1910-ல் ஃப்ளெக்ஸ்னர் கேட்ட கேள்வி, "உங்கள் ஆஸ்பத்திரி எங்கே?" என்பது, இன்றும் அடங்கவில்லை. அன்றியும், டி.ஓ. மாணவர்களுக்கு அவர்களுக்கென்று ஒரு பரீட்சை உண்டு. பெரிய துறைகளை நாடுபவர்கள் எம்.டி.க்களின் பரீட்சையையும் சேர்த்து எழுதுகிறார்கள். 2022 முதல் முதற்கட்டப் பரீட்சைக்கு மார்க் கிடையாது, தேறினாரா இல்லையா என்பது மட்டுமே. சிறிய கல்லூரியிலிருந்து வரும் கெட்டிக்காரப் பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ள இருந்த ஒரு ஜன்னலும் அதனால் சாத்தப்பட்டது. மிஞ்சியது இரண்டாம் கட்டப் பரீட்சையின் மார்க்.

பத்தாம் நாள் நண்பர் வந்தார். காப்பி ஆறிப்போகும் வரை முழுக் கதையையும் கேட்டார். பிறகு உத்தியோக தோரணையில், "முடிவான அபிப்பிராயம்?" என்றார்.

"இரண்டு இடமும் கையில் இருந்தால், அந்த ஒரு துறைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தால், எம்.டி.யை எடுத்துக்கொள்ளச் சொல்லுவேன். பட்டம் உயர்ந்தது என்பதற்காக அல்ல. அந்த வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்காக. ஆனால் கையில் இருப்பது ஒன்றுதானே? காத்திருப்போர் பட்டியலை நம்பி ஒரு வருஷத்தை விட்டால், அடுத்த வருஷம் இந்த இடமும் இல்லாமல் போகலாம். அவளை அந்தக் கல்லூரிக்கு மூன்று கேள்வி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். கடைசி இரண்டு வருஷம் எந்த ஆஸ்பத்திரியில் வேலை? அங்கே எலும்பு ரண சிகிச்சைக்கு ரெசிடென்ஸி உண்டா? சென்ற ஐந்து வருஷத்தில் உங்கள் மாணவர் எத்தனை பேர் அந்தத் துறைக்குப் போனார்கள்? பதிலைப் பார்த்து அவளே முடிவு செய்யட்டும். நீங்களும் முடிவு செய்ய வேண்டாம், நானும் வேண்டாம். ஒருவேளை அந்தத் துறை கிடைக்காமலே போனாலும் டாக்டராக இருக்கச் சம்மதமா என்பதையும் அவள் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். அது எம்.டி. படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான்."

நண்பர் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துத் தெருவில் பார்த்தேன். பேத்தி கேள்விகளை அனுப்பினாளாம். முதல் இரண்டுக்கும் திருப்தியான பதில் வந்ததாம். மூன்றாவதற்கு வந்த எண் மிகச் சிறியதாம். ஆனாலும் அந்த இடத்தையே எடுத்துக்கொண்டு விட்டாளாம். "எண் சிறியதாக இருந்தால் என்ன தாத்தா, பூஜ்யம் இல்லையே!" என்று டெலிபோனில் சொன்னாளாம். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் கவலையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன் ஸார். நாளைக்கு இவள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று போட்டால் நம் ஜனங்களுக்குப் புரியுமா?"

"பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுவிடுங்கள்" என்றேன்.